வாசகர் கேள்வி – பதில்: மூடித் திறக்கும் விமான நிலையமும் அதற்கு அப்பாலுள்ள பாதையும்

சென்ற இதழில், "உங்கள் பயணங்களில் மறக்க முடியாத விமான நிலையம் எது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கரீபியன் நாடான ஹெய்ட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸிலுள்ளது என்று இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவற்றுள் ஒன்று, மகன் சில வாரங்களில் அந்த நாட்டுக்குப் புறப்பட இருக்கும் ஒரு தாயுடையது. ஆகவே இம்முறை இந்தப் பக்கத்தை வேறு எதற்கும் கொடுக்கவில்லை. கேட்டுக்கொண்டதற்கிணங்கப் பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் தருகிறேன்.

ஒரு தாய், மல்லாவி: என் மகன் குடிநீர்த் திட்டப் பொறியியலாளர். ஹெய்ட்டியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஒரு வருட வேலை கிடைத்திருக்கிறது. வேலை தலைநகரில் என்கிறார்கள்; ஆனால் விமானச் சீட்டில் காப் ஹெய்ட்டியன் என்ற வேறு ஊரின் பெயர் இருக்கிறது. பிள்ளையை யாரும் ஏமாற்றுகிறார்களா?

இல்லை அம்மா. உண்மையில், சீட்டில் தலைநகரின் பெயர் இருந்திருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

தலைநகரின் விமான நிலையத்துக்குத் துஸ்ஸான் லூவெர்த்யூர் என்று பெயர். அடிமைகளாக இருந்த மக்கள் பிரான்ஸை எதிர்த்துப் போராடி 1804 இல் விடுதலை பெற்ற அந்த நாட்டில், அப்போராட்டத்தைத் தலைமை தாங்கி நடத்தியவரின் பெயர் அது. 2024 பெப்ரவரி இறுதியில் ஆயுதக் கும்பல்கள் ஒன்றுசேர்ந்து தலைநகரைத் தாக்கத் தொடங்கியபோது, காவல் நிலையங்களோடும் சிறைச்சாலைகளோடும் விமான நிலையமும் இலக்காயிற்று. மார்ச் முதல் வாரத்தில் சேவைகள் நின்றன. அப்போது பிரதமராக இருந்த ஏரியல் ஹென்றி, பொலிஸ் படையொன்றை அழைத்துவருவது பற்றிப் பேசக் கென்யாவுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தவருக்குத் தன் நாட்டில் இறங்க ஓடுபாதை இல்லை. புவேர்ட்டோ ரிக்கோவில் இறங்கி, அங்கிருந்தபடியே பதவி விலகச் சம்மதித்தார். மே 20 ஆம் திகதி நிலையம் மீண்டும் திறக்கப்பட்டது. ஆறு மாதங்கூடப் போகவில்லை. நவம்பர் 11 ஆம் திகதி, புளோரிடாவிலிருந்து வந்து தரையிறங்கவிருந்த ஸ்பிரிட் நிறுவன விமானம் ஒன்றில் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. பணிப்பெண் ஒருவர் காயமடைந்தார். விமானம் இறங்காமலேயே அயல்நாடான டொமினிக்கன் குடியரசுக்குத் திரும்பியது. மறுநாளே அமெரிக்க விமானப் போக்குவரத்து அதிகாரசபை தன் நாட்டு நிறுவனங்கள் ஹெய்ட்டிக்குப் பறப்பதைத் தடைசெய்தது. டிசெம்பரில் அத்தடை தலைநகருக்கு மட்டும் உரியதாகச் சுருக்கப்பட்டு, அதன்பின் பல தடவை நீடிக்கப்பட்டது. அன்றிலிருந்து அந்த நாட்டின் வாசல் வடகரைக்கு இடம்பெயர்ந்துவிட்டது. அந்த வாசல்தான் காப் ஹெய்ட்டியன். வெனிசுவேலாவின் பண உதவியால் பெருப்பிக்கப்பட்டதால் ஹியூகோ சாவேஸின் பெயரைத் தாங்கி நிற்கும், அளவில் சிறிய விமான நிலையம் அது. தலைநகரம் முழுவதும் வந்து குவிவதற்காகக் கட்டப்பட்டதல்ல. ஆகவே கூட்டத்தையும் வரிசையையும் மகன் எதிர்பார்த்தே போகட்டும்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். "விமான நிலையம் திறந்திருக்கிறதா?" என்று மட்டும் விசாரிப்பவர்கள் வெளிநாட்டார். வன்னியில் வாழ்ந்த நமக்கு அது போதாது என்பது தெரியும். 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கான தரைவழிச் சாவடியான முகமாலை மூடப்பட்ட பிறகும், யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து விமானம் பறந்துகொண்டுதான் இருந்தது. கிளிநொச்சிக்கும் பலாலிக்கும் இடையில் நூறு கிலோமீற்றர்கூட இல்லை. ஆனால் அந்த விமானத்தால் நமக்கு என்ன பயன் இருந்தது? அதற்கும் முன்பு, ஆனையிறவு மூடப்பட்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணம் போகக் கிளாலிக் கடலை இரவில் படகில் கடந்தவர்கள் உங்கள் வீட்டிலும் இருந்திருப்பார்கள். காப் ஹெய்ட்டியனிலிருந்து தலைநகர் இருநூறு கிலோமீற்றருக்கும் மேல். ஏறக்குறைய வவுனியாவிலிருந்து கொழும்புக்குப் போகிற தூரம். தலைநகருக்குள் நுழையும் முதன்மைச் சாலையின் பகுதிகள் கும்பல்களின் கையில் இருக்கின்றன. அவர்கள் மறியல் போட்டுப் பணம் பறிப்பார்கள். சில வேளைகளில் ஆளையே பிடித்து வைத்துப் பணயத்தொகை கேட்பார்கள். எனவே அங்குள்ளவர்கள் உள்நாட்டுக்குள்ளேயே வானத்தால் போய்வருகிறார்கள். தொண்டு நிறுவன ஊழியர்களை, உலக உணவுத் திட்டம் நடத்தும் ஐ.நா. மனிதாபிமான விமான சேவையின் ஹெலிகொப்டர்களும் சிறு விமானங்களும் ஏற்றி இறக்குகின்றன.

ஆகவே மகன் புறப்படுமுன் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறவேண்டியது இது: காப் ஹெய்ட்டியனில் இறங்கியதிலிருந்து அவர் படுக்கப்போகும் அறை வரையுள்ள ஒவ்வொரு கட்டத்திலும் அவரை யார் பொறுப்பேற்கிறார்கள், ஹெலிகொப்டர் அன்று பறக்காவிட்டால் அவர் எங்கே தங்குவார், தரைவழியாகப் போகச்சொன்னால் மறுக்கும் உரிமை அவருக்கு உண்டா? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்குகிற நிறுவனமானால், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் அந்த வேலை வேண்டாம் என்பேன்.

இன்னொன்று. நம்முடைய கடவுச்சீட்டுக்கு இடைத்தங்கலே ஒரு வில்லங்கம். அமெரிக்காவில் விமானம் மாறுவதென்றால், வெளியே ஒரு அடி வைக்காவிட்டாலும் இலங்கையருக்கு விசா வேண்டும். பரிஸ் போன்ற, பொது விசா முறையுள்ள ஐரோப்பிய ஷெங்கன் நாட்டு நிலையங்களிலோ, பன்னாட்டுப் பகுதிக்குள்ளேயே உட்கார்ந்திருந்து அடுத்த விமானம் ஏறுவதற்குக்கூட விமான நிலைய இடைத்தங்கல் விசா எடுக்கவேண்டிய நாடுகளின் பட்டியலில் இலங்கை இருக்கிறது. இது தெரியாமல் சீட்டை வாங்கிவிட்டுக் கட்டுநாயக்காவில் பெட்டியோடு திருப்பி அனுப்பப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். சீட்டில் உள்ள இடைத்தங்கல் ஊர்கள் ஒவ்வொன்றையும் மகன் விரல் வைத்துப் பார்க்கட்டும்.

பல்கலைக்கழக மாணவர், வவுனியா: சுற்றிவர வேலியும் காவலும் உள்ள ஒரு விமான நிலையத்தில் இறங்கும் விமானத்தை வீதியில் நிற்கும் ஒருவன் எப்படிச் சுடமுடியும்?

வேலி நிலத்தைத்தான் காக்கும். தரையிறங்கும் பயணிகள் விமானம் ஏறத்தாழ 3 பாகைச் சரிவில் இறங்குகிறது. அந்தக் கணக்குப்படி, தரைதொடும் இடத்திலிருந்து ஐந்து கிலோமீற்றர் தொலைவில் அதன் உயரம் ஏறத்தாழ 260 மீற்றர். ஒரு கிலோமீற்றர் தொலைவில் 50 மீற்றரைச் சற்றுத் தாண்டும், அதாவது ஓங்கி வளர்ந்த இரண்டு தென்னைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த அளவு. அந்த உயரத்தில், வேகத்தைக் குறைத்து, நேர்கோட்டில், விலகமுடியாமல் வருகிறது. போர்ட்-ஓ-பிரின்ஸின் ஓடுபாதை ஒன்றேதான். நீளம் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர். அதைச் சுற்றி நெருக்கமான குடியிருப்புகள். வீட்டுக் கூரையில் ஏறி நிற்பவனுக்கு, எந்த விமானம் எந்த வழியாக வரும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. மேலே சொன்ன நவம்பர் 11 ஆம் திகதியே வேறு இரண்டு நிறுவனங்களின் விமானங்களும் அங்கிருந்து புறப்பட்டுப் போயின. அமெரிக்காவில் இறங்கிச் சோதித்தபோதுதான் அவற்றின் உடலிலும் குண்டுபட்ட அடையாளங்கள் இருந்தது தெரியவந்தது. உள்ளே இருந்தவர்கள் எதையும் அறியவில்லை.

2024 இல் மீண்டும் திறக்குமுன் நிலையத்தை அண்டியிருந்த வீடுகள் பலவற்றை இடித்து வெளியாக்கினார்கள். ஓடுபாதைக்குப் பாதுகாப்பு வலயம் என்று சொல்லி வீடுகளை அகற்றுவது எப்படியிருக்கும் என்பதைப் பலாலியைச் சூழ்ந்த ஊர்களிலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்களிடம் கேட்டுப்பாருங்கள். சிலர் முப்பது வருடமாகக் காத்திருக்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் அந்த நவம்பர்ச் சம்பவம் நடந்தது என்பதையும் கவனியுங்கள். ஐந்து கிலோமீற்றருக்கு வீடுகளை இடிக்க முடியாது; அங்கிருக்கும் மக்களோடு அமைதி வந்தால்தான் அந்தச் சரிவு பாதுகாப்பானதாகும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கிளிநொச்சி: நீங்கள் அங்கே போனது எந்த ஆண்டு, அன்று அந்த நிலையம் எப்படி இருந்தது என்பதைச் சற்று விரிவாக எழுதவேண்டுகிறேன்.

ஐயா, நான் போனது 2011 இல். வன்னியில் ஒரு தொண்டு நிறுவனத்தின் களஞ்சியத்தில் தறப்பாளும் தண்ணீர்த் தாங்கியும் எண்ணிப் பழகிய அனுபவந்தான் என்னை அவ்வளவு தூரம் கொண்டுபோனது. 2010 ஜனவரி 12 ஆம் திகதி, 7.0 அளவான நிலநடுக்கம் அந்த நகரத்தை நொறுக்கியிருந்தது. விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பயணிகள் கட்டடமும் சேதமடைந்திருந்தன. ஓடுபாதை மட்டும் தப்பியிருந்தது.

நிலநடுக்கத்துக்குப் பின்னான முதல் நாட்களைப் பற்றி அங்கே எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. கதையல்ல, படங்களும் இருக்கின்றன. கோபுரம் போய்விட்டதால், அமெரிக்க விமானப்படையினர் சிலர் ஓடுபாதைக்கு அருகே புல்லில் ஒரு மடக்கு மேசையைப் போட்டு, வானொலிக் கருவிகளை வைத்துக்கொண்டு, வானத்தைக் கண்ணால் பார்த்தே விமானங்களை இறக்கினார்கள். அவ்வளவு சிறிய நிலையத்தில் நாளொன்றுக்கு நூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் வந்து போன நாட்கள் இருந்தன. இறங்குவது சிக்கலல்ல, இறங்கிய பின் நிறுத்த இடமில்லாததே சிக்கல். தரிப்பிடம் பன்னிரண்டு, பதினைந்து விமானங்களோடு நிறைந்துவிடும்; ஒன்று சரக்கை இறக்கிப் புறப்பட்டால்தான் அடுத்தது வரலாம்; திரும்பிப் போக எரிபொருள் அங்கே கிடைக்காது. கள மருத்துவமனையை ஏற்றிவந்த விமானம்கூட இறங்க அனுமதியில்லாமல் அயல்நாட்டுக்குத் திருப்பப்பட்டு, அங்கிருந்து லொறியில் வந்து சேர்ந்தது. நான் களஞ்சியக்காரன், எனக்கு அதில் வியப்பில்லை. வாசலில் இருபது லொறி நின்று என்ன, இறக்குவதற்கு ஆளும் இடமும் இல்லையென்றால் ஒரு மூடைகூட உள்ளே வராது. பெப்ரவரி 19 ஆம் திகதிதான் வழமையான பயணிகள் சேவை மீண்டும் தொடங்கியது.

நான் இறங்கியபோது வருகைப் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி, சரக்குக் கொட்டகை போன்ற ஒரு தற்காலிகக் கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். தகரக் கூரை, மின்விசிறிகள், கட்டுக்கடங்காத புழுக்கம். கதவருகே தொப்பியணிந்த நாலைந்து முதியவர்கள் பான்ஜோவும் மேளமும் வைத்துக்கொண்டு வருகிறவர்களை வரவேற்றுப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து பழகியவனுக்கு, குடிவரவு வரிசைக்குப் பக்கத்தில் பாட்டு என்பது விளங்கவே சற்று நேரம் பிடித்தது. குடிவரவு அதிகாரி என் படிவத்தில் ஒரு துண்டைக் கிழித்து, முத்திரையிட்டுத் தந்து, கடவுச்சீட்டுக்குள் வைக்கும்படி சைகை காட்டினார். திரும்பும்போது அதைக் கேட்பார்கள். நம்மவர்கள் அந்தக் காலத்துப் பயண அனுமதிப் பாஸ் துண்டைப் பேணியதுபோலப் பேணினேன்.

பெட்டி வரவில்லை, இடையில் மாறிய ஊரிலேயே விமான நிறுவனத்தார் அதை விட்டுவிட்டிருந்தார்கள். கையிலிருந்தது ஒரு தோள்பைதான். அதையும் சிவப்புத் தொப்பிக்காரச் சுமையாள் ஒருவர் என் அனுமதி கேட்காமலே வாங்கிக்கொண்டு முன்னே நடந்தார். வெளிவாசலில் "பத்து டொலர்" என்றார். ஒரு தோள்பைக்கு இது அநியாயம் என்று மனதுக்குள் வைதபடியே பத்து அமெரிக்க டொலர்த் தாளை நீட்டினேன். அவர் அதை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, என் முகத்தையும் பார்த்து, பின் தன் கூட்டாளியைக் கூப்பிட்டார். இருவருமாக அந்தத் தோள்பையை ஆளுக்கொரு வாரைப் பிடித்து ஏதோ சாமி தூக்குவதுபோல வண்டிவரை கொண்டுவந்து வைத்தார்கள். சாரதி சிரித்த சிரிப்பு அடங்கிய பிறகுதான் விடயம் விளங்கியது. ஹெய்ட்டியின் நாணயம் கூர்த். 1912 இலிருந்து நெடுங்காலம் ஐந்து கூர்த் ஒரு அமெரிக்க டொலருக்குச் சமமாக நிலைநிறுத்தப்பட்டிருந்ததால், ஐந்து கூர்த்தை "ஒரு டொலர்" என்று சொல்லும் பழக்கம் ஊறிப்போய்விட்டது. அந்த நிலை மாறி எவ்வளவோ காலமாகியும் பேச்சில் அது மாறவில்லை. அப்படியொரு தாளும் இல்லை, நாணயமும் இல்லை. ஆனால் சந்தையில் விலை அந்த "ஹெய்ட்டி டொலரில்தான்" சொல்லப்படும். அவர் கேட்டது ஐம்பது கூர்த். அன்றைய மாற்றுவிலைக்கு ஒரு அமெரிக்க டொலரும் சில்லறையும். அந்த மனிதர் என்னை ஏமாற்றவில்லை என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். கேட்டதற்கு எட்டு மடங்கு நானாகவே கொடுத்தேன். மல்லாவி அம்மாவின் மகன் விலை கேட்கும்போது எந்த டொலர் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும்.

வாசகி, முல்லைத்தீவு: இலங்கை இராணுவம் ஹெய்ட்டியில் இருந்தது உண்மையா? இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டால் அங்கே எப்படி நடத்துவார்கள்?

உண்மை. 2004 இல் தொடங்கிய ஐ.நா. அமைதிப்படையில் இலங்கைப் படைப்பிரிவொன்று இருந்தது. பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டுகளின் பேரில் 2007 நவம்பரில் நூறுக்கும் மேற்பட்ட படையினர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். என் கடவுச்சீட்டைப் பார்த்த அதிகாரி, "படையா?" என்று ஒரு சொல்லில் கேட்டார். இல்லை, தண்ணீர்த் தாங்கி என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில். முத்திரை விழுந்தது. அந்த ஒரு சொல்லை அவர் எந்தத் தொனியில் கேட்டார் என்பதை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியவில்லை.

வாசகர், புதுக்குடியிருப்பு: மொன்றியாலில் உள்ள என் மருமகளின் தோழி ஹெய்ட்டிப் பெண். தலைநகரில் நடக்கும் அவருடைய அக்காவின் கலியாணத்துக்கு இவளையும் அழைக்கிறாராம். அனுப்பலாமா?

வேண்டாம். ஹெய்ட்டிக்கு எந்தப் பயணமும் செய்யவேண்டாம் என்று கனடிய அரசு தன் மக்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அந்த அறிவுறுத்தலை மீறிப் போனால் பெரும்பாலான பயணக் காப்புறுதிகள் கைவிரித்துவிடும். தோழி போவது வேறு. அவருக்கு அது வீடு, பாதை கேட்டுச் சொல்ல உறவினர் இருக்கிறார்கள். யுத்த காலத்தில் நம் வீட்டுக் கலியாணங்களும் நடந்தன, உண்மைதான். ஆனால் அவற்றுக்கு மொன்றியாலிலிருந்து விருந்தாளியை யாரும் அழைக்கவில்லை.

வாசகர், ஓமந்தை: ஒரே தீவில்தானே டொமினிக்கன் குடியரசும் இருக்கிறது? அங்கே இறங்கித் தரைவழியாகப் போனால் என்ன?

வரைபடத்தில் அழகான வழி. ஆனால் இரு நாடுகளுக்கும் இடையில் நெடுங்காலப் பகை. எல்லை ஆற்றில் ஹெய்ட்டியர் ஒரு வாய்க்கால் வெட்டியதற்காக 2023 செப்டெம்பரில் டொமினிக்கன் அரசு தரை, கடல், வான் எல்லைகள் மூன்றையும் ஒரே நாளில் மூடியது. இன்று திறந்த எல்லை நாளை மூடும் இடத்தில் மறுபக்கம் போக நேர்ந்தால், திரும்பும் வழியையும் சேர்த்துத்தான் கணக்கிடவேண்டும். ஓமந்தைக்காரரான உங்களுக்கு நான் இதைச் சொல்வது சற்று அதிகப்படிதான்.

மல்லாவித் தாய் இரண்டாவது கடிதத்தில்: பிள்ளை போய் இறங்கியதும் எங்களுக்கு அறிவிப்பது எப்படி? எத்தனை மணிக்கு எதிர்பார்க்கலாம்?

இறங்கியதும் அழைக்கச் சொல்லாதீர்கள் அம்மா. வெளிவாசலில் பெட்டியும் கைத்தொலைபேசியுமாக நின்று பேசுவதுதான் பறிகொடுப்பதற்கு வசதியான நேரம். விமானத்தில் இருக்கும்போதே ஒரு குறுஞ்செய்தியை எழுதி வைத்திருந்து, சக்கரம் தரையைத் தொட்டதும் அனுப்பிவிட்டு, தொலைபேசியை உட்சட்டைப் பைக்குள் போடட்டும். பேசுவது தங்குமிடத்துக்குப் போன பிறகு. நிறுவனத்தின் கொழும்பு இலக்கத்தையும் அங்குள்ள அலுவலக இலக்கத்தையும் தாளில் எழுதி உங்களிடம் தந்துவிட்டுப் போகட்டும். பற்றரி தீர்ந்த தொலைபேசிக்குள் இருக்கும் இலக்கம் யாருக்கும் உதவாது.

நேரத்தைப் பொறுத்தவரை, அவர்கள் நமக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறார்கள். கோடையில் கடிகாரத்தை மாற்றுவதால் ஒன்பதரை. பத்தரை மணித்தியாலக் கணக்குப்படி, காப் ஹெய்ட்டியனில் பிற்பகல் இரண்டு மணிக்கு அவர் இறங்கினால் மல்லாவியில் நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரை ஆகியிருக்கும். பெட்டி எடுத்து, வரிசை கடந்து, தங்குமிடம் போய்ச்சேர இன்னும் இரண்டு மூன்று மணித்தியாலம் வையுங்கள். அன்று விடியற்காலை மூன்று மணிக்கு முன் தொலைபேசி அடிக்காவிட்டால் பதறவேண்டாம்.